பழைய கதையைப் புதிதாகச் சிரிக்க வைக்கும் நாடகங்கள்: உங்கள் குழுவுக்கு எது ஏற்றது?

நகைச்சுவை நாடகம் வேண்டும், ஆனால் துணுக்குத் தோரணமாக இருக்கக் கூடாது. சமகாலத்தில் எழுதியதாக இருக்க வேண்டும், அதே நேரம் பார்ப்பவர்களுக்குப் பிடிபடாமல் போய்விடவும் கூடாது. நாடகம் போடக் கிளம்பும் குழுக்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. இந்தத் தேவைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், தேடல் பெரும்பாலும் செவ்வியல் படைப்புகளை நகைச்சுவையாகத் திருப்பிச் சொல்லும் நாடகங்களில் போய் நிற்கிறது. அங்கே அடுத்த சிக்கல் தொடங்குகிறது. ஷேக்ஸ்பியரை மட்டும் வைத்தே டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விலா நோகச் சிரிக்க வைக்கும் என்றுதான் விளம்பரம் சொல்கிறது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நாடகத்தின் புகழை ஒதுக்கி வைத்துவிட்டு, அரங்கில் உட்காரப் போகிறவர்களை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் மூலக்கதையை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்களா, வெறுங்கையோடு வருகிறார்களா? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

## முதலில் அளவுகோல்கள்

மூலம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். சில நாடகங்களில் நகைச்சுவை முழுவதும் மூலத்தின்மேல் சாய்ந்து நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் இளவரசன் ஹாம்லெட்டின் தந்தை எப்படி இறந்தார் என்று தெரியாதவருக்கு அந்தச் சிரிப்பு எட்டாது. வேறு சில நாடகங்கள் தேவையான கதையைத் தாமே சொல்லிக்கொண்டு போகின்றன. மூலம் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு கிடைக்கும், தெரியாதவருக்கும் குறையொன்றும் இருக்காது. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மூலத்தைப் படிக்காத ஒருவரை உட்கார வைத்து முதல் இருபது பக்கங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே சிரிக்கிறார் என்பதைவிட, எங்கே "இவர் யார்?" என்று கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி அடிக்கடி வந்தால், அரங்கேற்றத்தன்று பாதிப் பேர் அதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது, சிரிப்பு சொல்லில் இருக்கிறதா, உடலில் இருக்கிறதா என்பது. மொழிபெயர்த்து நடிக்க நினைப்பவர்களுக்கு இதுவே முடிவைத் தீர்மானிக்கும். சிலேடை எல்லை தாண்டும்போது பாதி உயிரை இழக்கும். தட்டோடு தடுக்கி விழுபவர் எந்த மொழியிலும் தடுக்கித்தான் விழுவார்.

ஆள்பலத்தைக் கணக்கிடும்போது பிரதியின் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 'மூன்று நடிகர்கள்' என்றால் மேடையில் மூன்று பேர் என்று மட்டுமே பொருள். நொடிக்கொரு வேடம் மாற்றும் நாடகமாக இருந்தால், திரைக்குப் பின்னால் உடை மாட்டிவிடவும் கழற்றவும் ஆள் வேண்டும். நான்காவது, மேடையும் செட்டும். ஐந்தாவது, உரிமம். இது பலர் கடைசியில் நினைக்கும் விஷயம். முதலில் நினைக்க வேண்டிய விஷயம். அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

## வழி ஒன்று: சுருக்கிச் சொல்லிச் சிரிக்க வைப்பது

இந்த வகையில் உலகம் முழுவதும் அறியப்பட்டது 'தி கம்ப்ளீட் வொர்க்ஸ் ஆஃப் வில்லியம் ஷேக்ஸ்பியர் (அப்ரிட்ஜ்டு)'. ஆடம் லாங், டேனியல் சிங்கர், ஜெஸ் வின்ஃபீல்டு மூவரும் எழுதியது; 1987இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலை விழாவில் மேடையேறியது. ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்கள், 97 நிமிடங்கள், மூன்று நடிகர்கள். வரலாற்று நாடகங்கள் அனைத்தும் மகுடத்தைப் பந்தாக வைத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமாக ஆகிவிடும். ரத்தம் சொட்டும் 'டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்' சமையல் நிகழ்ச்சியாக மாறும். இரண்டாம் பாதி முழுவதும் ஹாம்லெட்டுக்கு. அதை ஒருமுறை நடித்து முடித்து, பிறகு இன்னும் வேகமாக நடித்து, கடைசியில் பின்னிருந்து முன்னாக நடித்துக் காட்டுவார்கள்.

பார்க்கும்போது இது யாருக்கும் பொருந்தும் என்று தோன்றும். உண்மையில் இரண்டு பாதிகளும் இரண்டு வகை. இரண்டாம் பாதி ஹாம்லெட்டைத் தானே கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் கேலி செய்கிறது. ஒரே காட்சி மூன்றாம் முறை வரும்போது மூலம் தெரியாதவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். முதல் பாதி அப்படியில்லை. நாடகப் பெயர்கள் சரமாரியாக வந்து விழும். பெயரையாவது கேட்டிருந்தால்தான் சிரிப்பு. ஆகவே இலக்கிய மாணவர்கள் நிறைந்த அரங்கில் இது கொண்டாட்டமாக இருக்கும். வேறு இடங்களில் முதல் முப்பது நிமிடங்களைக் கடப்பதற்கு நடிகர்கள் மிகவும் உழைக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு வேறொன்று. நடப்புச் செய்திகளைத் தொட்டு வரும் இடங்களை அந்தந்தக் குழு காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தே பிரதி எழுதப்பட்டிருக்கிறது. அதாவது குழுவில் ஓர் எழுத்தாளரும் இருக்க வேண்டும். பழைய நகைச்சுவையை அப்படியே ஒப்பித்தால் நாடகம் பத்தாண்டு பழசாகத் தெரியும்.

முழுநீள நாடகத்துக்கு நேரமில்லாதவர்களுக்கு டாம் ஸ்டாப்பர்டின் 'தி ஃபிஃப்டீன் மினிட் ஹாம்லெட்' இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் சொந்த வரிகளையே வெட்டி ஒட்டிச் செய்தது. நாடகம் முடிந்து கைதட்டல் வந்ததும், அதையே இரண்டே நிமிடத்தில் மறுபடியும் நடிப்பார்கள். பள்ளி விழாவுக்கோ, பெரிய நிகழ்ச்சியின் முன்னோட்டமாகவோ இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியாது.

## வழி இரண்டு: ஓரத்தில் நின்றவர்களை நடுவே நிறுத்துவது

இதற்கும் உச்சம் ஸ்டாப்பர்டிடமிருந்துதான் வந்தது. 'ரோசன்கிராண்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்' 1966இல் எடின்பரோவில் தொடங்கி, அடுத்த ஆண்டே லண்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனது. ஹாம்லெட்டில் வந்து போகும் இரண்டு நண்பர்கள் இங்கே கதாநாயகர்கள். தாங்கள் எதற்கு அழைக்கப்பட்டோம் என்றே தெரியாமல் நாணயம் சுண்டிக்கொண்டிருக்கிறார்கள். 92 முறை தொடர்ந்து தலையே விழுகிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ சரியில்லை என்ற அச்சம் பார்வையாளருக்குள் இறங்குவது அந்தக் காட்சியில்தான். எழுத்தாக இதை நான் மிக உயரத்தில் வைக்கிறேன்.

ஆனால் புதிய குழு கையில் எடுக்க வேண்டிய நாடகம் இதுவல்ல. தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது என்றாலும், ஹாம்லெட் தெரியாதவருக்கு மேடையின் ஓரமாக அரச குடும்பம் வந்து பேசிவிட்டுப் போவதெல்லாம் புதிராகவே இருக்கும். நாடகத்தின் பின்னணியில் ஓடும் பெரிய கதை அவருக்குத் தெரியாது. முன்னணியில் இருப்பவர்களுக்கும் தெரியாது. இரண்டு முதன்மை நடிகர்களும் ஏறக்குறைய முழு நேரமும் மேடையில் நிற்க வேண்டும். மனப்பாடச் சுமை அதிகம். அவர்களைத் தவிர நாடோடி நாடகக் குழு ஒன்றும் அரசவை முழுவதும் வேண்டும். நகைச்சுவையோ பெரும்பாலும் சொல்விளையாட்டு. ஹாம்லெட்டைச் சமீபத்தில் போட்டு முடித்த குழு, அதே நடிகர்கள், அதே உடைகள், அதே பார்வையாளர்கள் என்றால் மட்டும் துணிந்து எடுங்கள். அப்போது இதற்கு இணையே இல்லை.

இதே வகையில் குறைவாகப் பேசப்படுவது, நான் நிறைவாகப் பரிந்துரைப்பது, கனடாவின் ஆன்-மேரி மெக்டோனால்டு எழுதிய 'குட்நைட் டெஸ்டிமோனா (குட் மார்னிங் ஜூலியட்)'. 1988இல் டொராண்டோவில் மேடையேறியது. கான்ஸ்டன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், 'ஒதெல்லோ'வும் 'ரோமியோ ஜூலியட்'டும் ஒரு காலத்தில் இன்பியல் நாடகங்களாக இருந்து பின்னால் துன்பியலாக மாற்றப்பட்டவை என்று நம்புகிறார். அந்த ஆய்வை நம்புவார் யாருமில்லை. ஒருநாள் அவரே அந்த நாடகங்களுக்குள் விழுந்துவிடுகிறார். இயாகோவின் பொய்ப் பழியை நம்பி மனைவி டெஸ்டிமோனாவைக் கொல்ல ஒதெல்லோ உறுதியெடுக்கும் அந்த இறுக்கமான கட்டத்தில், கான்ஸ்டன்ஸ் குறுக்கே பாய்ந்து, அந்தப் பழிக்குச் சாட்சியாக்கி இயாகோ உடைக்குள் ஒளித்து வைத்திருக்கும் கைக்குட்டையை உருவி எடுத்துக் காட்டிவிடுகிறார். ஒரே இழுப்பில் துன்பியல் முடிந்துபோகிறது. அடுத்த நொடி, உலக இலக்கியத்தின் மகத்தான படைப்பு ஒன்றைத் தன் கையால் கெடுத்துவிட்டோமே என்று பதறுகிறார். அந்தப் பதற்றம்தான் என்னை இந்த நாடகத்தின் பக்கம் இழுத்தது. கேலிக்கு அடியில் மூலத்தின்மீது எவ்வளவு காதல் இருக்கிறது என்பது அங்கே தெரிகிறது.

கான்ஸ்டன்ஸின் ஆய்வை விளக்கும் சாக்கில் இரண்டு கதைகளும் நமக்குச் சொல்லப்பட்டுவிடுவதால், மூலம் தெரியாதவரும் பின்தங்க மாட்டார். ஐந்து நடிகர்கள் போதும்; பெண்களுக்கு வலுவான வேடங்கள் உண்டு. ஒரு தடை, நாடகத்துக்குள் விழுந்தபின் உரையாடல் செய்யுள் நடைக்கு மாறுவது. மொழிபெயர்ப்பவருக்குச் செய்யுள் கை வர வேண்டும். வந்தால் அதுவே நாடகத்தின் அழகாகிவிடும்.

## வழி மூன்று: கதையை வேறு ஊருக்கும் காலத்துக்கும் கொண்டுபோவது

மூலம் தெரிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மிகக் குறைவாக இருப்பது இந்த வழியில்தான். ரிச்சர்டு பீன் எழுதிய 'ஒன் மேன், டூ கவ்னர்ஸ்' 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் வந்தது. இத்தாலிய நாடகாசிரியர் கார்லோ கோல்டோனி 18ஆம் நூற்றாண்டில் எழுதிய, இரண்டு எஜமானர்களிடம் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் வேலைக்காரனின் கதை, 1963ஆம் ஆண்டின் பிரைட்டன் என்ற இங்கிலாந்துக் கடற்கரை நகரத்துக்கு மாறியிருக்கிறது. அரங்கில் கோல்டோனியின் பெயரைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் நாடகம் குறைவுபடாது. ஏனென்றால் அதை ஓட்டுவது பசி. பசி யாருக்கும் புரியும்.

விருந்து பரிமாறும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இரண்டு எஜமானர்கள் இரண்டு அறைகளில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது. நடுவே வேலைக்காரன் ஃபிரான்சிஸ், கொலைப் பசியில். ஒவ்வொரு தட்டும் அவன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தட்டிலிருந்தும் கொஞ்சம் அவனுக்கு ஒதுங்க வேண்டும். உதவிக்கு வருபவர் கை நடுங்கும் வயதான சர்வர். அவர் சூப் பாத்திரத்தை ஏந்தி வரும் ஒவ்வொரு அடியிலும் அரங்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கவனியுங்கள், இதில் மொழிபெயர்க்கக் கடினமான வரி அநேகமாக இல்லை.

செலவுதான் பெரிது. நடிகர் கூட்டம் பெரியது, மேடையிலேயே வாசிக்கும் இசைக்குழு வேண்டும், செட் மாற்றங்கள் உண்டு, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் சிந்திய உணவைத் துடைக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையாளரோடு நேருக்கு நேர் பேசி, அவர்கள் எதிர்பாராமல் சொல்வதையும் சமாளிக்கக்கூடிய ஒரு நடிகர் வேண்டும். அந்த ஒருவர் உங்கள் குழுவில் இல்லையென்றால் இந்த நாடகத்தைத் தொடாதீர்கள்.

'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்* (*சார்ட் ஆஃப்)' செலவு குறைந்ததாகத் தோன்றும். இசபெல் மெக்ஆர்தர் எழுதி 2018இல் கிளாஸ்கோவில் வந்தது. 2022இல் சிறந்த பொழுதுபோக்கு அல்லது நகைச்சுவை நாடகத்துக்கான ஒலிவியே விருதை (லண்டன் நாடகங்களுக்குத் தரப்படுவது) பெற்றது. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலை, அந்த வீடுகளின் பணிப்பெண்கள் ஐந்து பேர் சொல்லி, நடித்து, கரோக்கியில் பாடிக் காட்டுகிறார்கள். ஐந்து நடிகைகள் மட்டுமே உள்ள குழுவுக்கு அருமையான தேர்வு. கவனிக்க வேண்டியது பாடல்கள். அவை பிரபலமான பாப் பாடல்கள். நாடகத்தின் உரிமம் பாடல்களையும் சேர்த்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒத்திகை தொடங்கக் கூடாது.

ஜேம்ஸ் ஐஜம்ஸ் எழுதிய 'ஃபேட் ஹாம்' 2022இல் நாடகத்துக்கான அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்றது. ஹாம்லெட்டின் கதை, அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக் கொல்லைப்புற விருந்தில் நடக்கிறது. பேயாக வரும் தந்தை பழிவாங்கச் சொல்கிறார். மகனோ, இந்த வன்முறை என்னோடு முடியட்டும் என்று யோசிக்கிறான். நகைச்சுவை வழியாக மூலத்தோடு வாதாடும் நாடகம் என்றால் இதுதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் வரலாறும் பேச்சும்தான் நாடகத்தின் உயிர். அதைக் கழற்றிவிட்டு வேறொரு குடும்பத்தைப் பொருத்த முடியாது. ஆகவே பெரும்பாலான குழுக்களுக்கு இதைப் படிக்கவும் பார்க்கவும் பரிந்துரைக்கிறேன், போடுவதற்கு அல்ல.

இந்த வழியில் இந்திய மேடை தந்தவையும் தலை நிமிர்ந்து நிற்கின்றன. கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடின் 'ஹயவதனா'வின் மையக் கதை நம் வீடுகளில் வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்னதாகக் கேட்ட தலைமாறிய கதைதான். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் அதை வைத்து எழுதிய குறுநாவல் வழியாகவும் கர்னாடுக்கு வந்து சேர்ந்தது. தலை மாறிய இருவரில் யார் கணவன் என்ற துயரக் கேள்வியைச் சுற்றி, முழு மனிதனாக மாற வரம் கேட்டு முழுக் குதிரையாக மாறிவிடும் குதிரைத்தலை மனிதனின் வேடிக்கைக் கதையைப் பின்னியிருக்கிறார். கதை சொல்லும் பாகவதர், முகமூடி, பேசும் பொம்மைகள், கையில் பிடிக்கும் சிறு திரை ஆகியவை போதும், செட்டே தேவையில்லை. அதற்குப் பதிலாகப் பாடத் தெரிந்தவர்களும் உடல் வசப்பட்ட நடிகர்களும் வேண்டும். முழுநேரச் சிரிப்பு எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. சிரித்துக்கொண்டே கனத்த மனத்தோடு வீடு திரும்ப விரும்புபவர்களுக்கு இதுவே என் முதல் தேர்வு.

லண்டன் குளோப் அரங்கின் 2012ஆம் ஆண்டு விழாவுக்காக அதுல் குமார் இயக்கிய 'பியா பெஹ்ரூபியா' ('டுவெல்ஃப்த் நைட்'டின் இந்தி வடிவம்) எங்காவது நடப்பதாகத் தெரிந்தால் போய்ப் பாருங்கள். மொழிபெயர்த்தவரே செபாஸ்டியனாக நடித்து, ஷேக்ஸ்பியர் தனக்கு இவ்வளவு சின்ன வேடம் கொடுத்துவிட்டாரே என்று பார்வையாளரிடமே முறையிடுவார். மூலத்தைத் தெரியாதவர்களையும் அந்த முறையீடு தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது.

## வழி நான்கு: நான்கு பேர் நூறு பேராவது

முதன்முறையாக முழுநீள நகைச்சுவை போடும் குழு என்னைக் கேட்டால், பாட்ரிக் பார்லோவின் 'தி 39 ஸ்டெப்ஸ்' என்பேன். ஜான் பக்கனின் 1915ஆம் ஆண்டு நாவலும், இயக்குநர் ஹிட்ச்காக் அதை வைத்து 1935இல் எடுத்த படமும் மூலம். நாடகம் 2005இல் வந்தது. லண்டனில் 2006 முதல் 2015 வரை ஓடியது. நாயகன் ஹானே ஒரு நடிகர்; அவன் சந்திக்கும் மூன்று பெண்களும் ஒரே நடிகை; மிச்சமுள்ள அத்தனை பேரும் இரண்டே இரண்டு நடிகர்கள்.

ரயில் நிலையக் காட்சியில் அந்த இருவரும் போலீஸ்காரராகவும், பத்திரிகை விற்கும் பையனாகவும், பயணியாகவும் மாறுவது தொப்பியை மாற்றி மாற்றித்தான். வேகம் கூடக் கூட ஒருவர் தொப்பி இன்னொருவர் தலைக்குப் போகிறது. ஒரே ஆள் தன்னிடமே பேசிக்கொள்கிறார். ரயிலின் கூரைமேல் நடக்கும் துரத்தலுக்குப் பெட்டிகளை அடுக்கி மேலே ஏறி நின்று, தங்கள் கோட்டின் நுனியைத் தாங்களே படபடவென்று ஆட்டுகிறார்கள். காற்று வந்துவிடுகிறது. இல்லாத ரயிலைப் பார்வையாளர் பார்த்துவிடும் அந்த நொடியை எந்த விலையுயர்ந்த செட்டும் தர முடியாது. நாவலையோ படத்தையோ அறிந்திருக்கத் தேவையில்லை. கொலைப் பழி சுமந்து ஓடுகிறவனின் கதை தானாகவே புரிந்துவிடும்.

பணச்செலவு குறைவு, நேரச்செலவு அதிகம். தொப்பிக் காட்சி ஒன்றுக்கே ஒத்திகை நீண்டுகொண்டே போகும். ஒலி இயக்குபவரை ஐந்தாவது நடிகராக நினைத்து முதல் ஒத்திகையிலிருந்தே கூட வைத்துக்கொள்ள வேண்டும். கதவில்லாத இடத்தில் கதவு சாத்தும் ஓசை அரை நொடி தாமதமானாலும் நகைச்சுவை செத்துவிடும்.

ஆட்கள் இன்னும் குறைவு என்றால் சார்லஸ் லட்லமின் 'தி மிஸ்டரி ஆஃப் இர்மா வெப்' (1984): இரண்டு நடிகர்கள், எட்டுப் பாத்திரங்கள், பழைய மர்ம மாளிகைக் கதைகளின் கேலி. இருவரும் ஒரே பாலினத்தவராக இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. மேடைக்குப் பின்னால் உடை மாற்றிவிடுபவர்கள் நடிகர்களைவிட அதிகமாக ஓட வேண்டியிருக்கும்.

## வழி ஐந்து: மூலமே இல்லாத புதியவை

செவ்வியலை விட்டுவிடலாம் என்ற முடிவும் தவறில்லை. யாஸ்மினா ரேசாவின் 'ஆர்ட்' (1994) மூன்று நண்பர்களையும் முழுக்க வெள்ளையான ஓர் ஓவியத்தையும் வைத்து நட்பையே பிரித்து மேய்ந்துவிடுகிறது. ஓர் அறை போதும். நடுத்தர வயது நடிகர்களுக்கு இதைப் போன்ற வேடங்கள் அரிது.

ஒரு குழுவின் நாடகம் மேடையில் தடுமாறிச் சிதறுவதைக் காட்டும் மைக்கேல் ஃபிரேயினின் 'நாய்சஸ் ஆஃப்' (1982) நாடகக்காரர்கள் அனைவரும் ஆசைப்படும் நாடகம். ஆனால் முதல் அங்கத்தில் முன்னாலிருந்து பார்த்த இரண்டு அடுக்குச் செட்டை இரண்டாம் அங்கத்தில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும், மூன்றாம் அங்கத்தில் மறுபடியும் முன்பக்கமாக. 'தி பிளே தட் கோஸ் ராங்' (2012) நாடகத்தில் வீடே நடிகர்கள்மேல் இடிந்து விழுகிறது. 2017இல் அதற்குக் கிடைத்த டோனி விருது (அமெரிக்காவின் பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படுவது) மேடை வடிவமைப்புக்கானது. தச்சரும் பாதுகாப்பு அறிந்தவரும் இல்லாமல் இந்த இரண்டின் பக்கமும் போக வேண்டாம். தவறிப்போவதுபோல் நடிப்பதற்கு, தவறாமல் நடிப்பதைவிட அதிகக் கட்டுப்பாடு வேண்டும்.

## ஒரே பார்வையில்

| நாடகம் | நடிகர்கள் | மூலம் தெரிய வேண்டுமா | சிரிப்பு எதில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கம்ப்ளீட் வொர்க்ஸ் (அப்ரிட்ஜ்டு) | 3 | முதல் பாதிக்கு ஓரளவு | இரண்டிலும் | புதுப்பித்து எழுதுபவர், உடை உதவியாளர்கள் |
| ரோசன்கிராண்ட்ஸ் | பெரிய குழு | கட்டாயம் | சொல்லில் | மனப்பாடச் சுமை, அரசவை உடைகள் |
| குட்நைட் டெஸ்டிமோனா | 5 | தேவையில்லை | இரண்டிலும் | செய்யுள் மொழிபெயர்ப்பு |
| ஒன் மேன், டூ கவ்னர்ஸ் | பெரிய குழு | தேவையில்லை | உடலில் | இசைக்குழு, அசாத்திய நாயகன் |
| பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்* | 5 | தேவையில்லை | இரண்டிலும் | பாடல் உரிமை |
| ஹயவதனா | நடுத்தரக் குழு | தேவையில்லை | கதையில் | இசை, உடல்பயிற்சி |
| 39 ஸ்டெப்ஸ் | 4 | தேவையில்லை | உடலில் | நீண்ட ஒத்திகை, ஒலி |
| ஆர்ட் | 3 | மூலம் இல்லை | சொல்லில் | முதிர்ந்த நடிகர்கள் |

## உரிமம்: யாரும் சொல்லாத கணக்கு

மேலே சொன்ன நாடகங்கள் அனைத்தும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. புத்தகத்தை விலை கொடுத்து வாங்குவது படிப்பதற்கான உரிமையை மட்டும் தருகிறது. மேடையேற்றத் தனி உரிமம் வேண்டும். அது பெரும்பாலும் ஒவ்வொரு காட்சிக்கும் கணக்கிடப்படும். டிக்கெட் விற்காமல் இலவசமாக நடத்தினாலும் உரிமம் தேவைப்படுவதுதான் வழக்கம்.

மொழிபெயர்த்து நடிப்பதற்கு இன்னொரு அனுமதி வேண்டும். இது நிகழ்த்தும் உரிமத்தோடு தானாக வராது. பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு அனுமதி கேட்பவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. மறுத்துவிட்டால் அந்த உழைப்பு முழுவதும் அலமாரியில்தான் கிடக்கும். காட்சிகளை வெட்டுவது, பாத்திரத்தின் பாலினத்தை மாற்றுவது, ஊர்ப்பெயரை மாற்றுவது எல்லாமே எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டியவை. பெரிய தொழில்முறைக் குழு ஒன்று அதே நாடகத்தோடு சுற்றுப்பயணம் வரும்போது, அந்தப் பகுதியில் மற்றவர்களுக்கு உரிமத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. ஆகவே தேதியையும் அரங்கையும் முடிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

## எந்தச் சூழலுக்கு எது

கல்லூரி இலக்கிய மன்றம், மூன்று சுறுசுறுப்பான நடிகர்கள், பாடத்தில் ஷேக்ஸ்பியர்: 'கம்ப்ளீட் வொர்க்ஸ்'. கலவையான பார்வையாளர்கள், சிறிய குழு, பணம் குறைவு, ஒத்திகைக்கு நேரம் உண்டு: '39 ஸ்டெப்ஸ்'. நல்ல நடிகைகள் நிறைந்து, அவர்களுக்கு ஏற்ற வேடம் கிடைக்காமல் தவிக்கும் குழு: 'குட்நைட் டெஸ்டிமோனா'. பாட்டும் கூத்தும் தெரிந்தவர்கள்: 'ஹயவதனா'. இருபது பேருக்கும் ஏதாவது வேடம் கொடுத்தாக வேண்டும், நடுவே ஒரு பிறவிக் கலைஞனும் இருக்கிறான்: 'ஒன் மேன், டூ கவ்னர்ஸ்'. இரண்டு நாடகங்களுக்கிடையே முடிவு எட்டாமல் திணறினால் மூலத்தின் சுமை குறைவாக உள்ளதை எடுங்கள்.

உரிமம் கைக்கெட்டாமல் போனால் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. இந்த எழுத்தாளர்கள் செய்ததையே நீங்களும் செய்யலாம். ஷேக்ஸ்பியரும் கோல்டோனியும் ஆஸ்டினும் யாருடைய அனுமதியும் இல்லாமல் எடுத்தாளக்கூடியவர்கள். எழுத்தாளர் மறைந்து இந்தியாவில் 60 ஆண்டுகள், வேறு பல நாடுகளில் 70 ஆண்டுகள் கழிந்த படைப்புகள் பொதுச்சொத்து. விருந்துக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் நடிகர்களுக்கேற்ப அரைமணி நேர நாடகமாக எழுதிப் பார்க்கலாம். பீனின் வரிகளையும் அவர் புதிதாகச் சேர்த்த பாத்திரங்களையும் தொடாமல், கோல்டோனியிடமிருந்து நேராகத் தொடங்க வேண்டும். இத்தாலிய மூலம் பொதுச்சொத்து என்றாலும், உங்கள் கையில் இருக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு சமீபத்தியதாக இருந்தால் அதற்கு உரிமையாளர் உண்டு. முதல் பக்கத்தைத் திருப்பி, மொழிபெயர்த்தவர் பெயரையும் ஆண்டையும் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.